மேல் வீட்டு வேதம்

மண்ணூர்,
ஜூலை 6, 2024

அன்புள்ள சாம்சன் அண்ணனுக்கு,

உன் தங்கை ஷெர்லின் எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே மூவரும் நலம். அப்பாவுக்குக் கம்பெனி வேன் ஓட்டி ஓட்டி முதுகு வலிக்கிறது, ஆனால் கேட்டால் இல்லை என்கிறார். நீ எப்படி இருக்கிறாய்? ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னார். நாளைக்கு ஒரு சபைக்குப் போதகராகி ஐயர் என்று கூப்பிடப்படப் போகிறவன், அதனால் 'நீங்கள்' போட்டு எழுது என்றும் சொன்னார். இரண்டு வரி எழுதிப் பார்த்தேன். தலைமையாசிரியருக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதுவது போல இருந்தது. விட்டுவிட்டேன்.

உங்கள் இறையியல் கல்லூரியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் தருகிறார்கள். அப்போதும் அம்மா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அது ஸ்பீக்கரில் கேட்கக்கூடியது இல்லை.

நீ போன பிறகு மாடி அறைக்கு நாங்குநேரிப் பக்கத்துப் பெண்கள் வாடகைக்கு வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரகடத்தில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அதில் சுகப்பிரியா அக்கா என்பவரிடம்தான் நான் அதிகம் பேசுவது. வந்த அன்று அவர் அம்மாவிடம், "வேதக்காரங்க வீடுன்னு சொன்னாங்க, அதான் தைரியமா வந்தோம்" என்றார். அம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். அவர்கள் ஊரில் கிறிஸ்தவர்களுக்கு அதுதான் பெயராம். சர்ச்சுக்கு வேதக்கோயில். அம்மாவுக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துவிட்டது.

அக்கா தினமும் குளித்ததும் பாசுரம் சொல்லுகிறார். ஆழ்வார் பாடியது. சின்ன வயதில் அவருடைய அப்பா மனப்பாடம் செய்ய வைத்தாராம். புத்தகத்தையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஆனால் அக்காவுக்கு அர்த்தம் தெரியாது. எங்கே எந்தச் சொல் முடிகிறது என்பதே தெரியாமல் ஒரே மூச்சில் சொல்லுகிறார். நான் ஒரு நாள் ஒரு வரியைப் பிரித்துக் காட்டினேன். "ஏட்டி, இத்தன வருசமா இதையா சொல்லுதேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கு இரண்டாவது ஷிப்ட் வரும் வாரங்களில் ஸ்கூலுக்கு முன்னால் சேர்ந்து படிக்கிறோம். அண்ணா, அதில் 'அடியேன்' என்று வருகிறது. நம் ஜெபத்தில் வரும் அதே அடியேன். அதைப் பார்த்ததும் வேறொருவர் வீட்டில் நம் வீட்டுத் தம்ளரைப் பார்த்ததுபோல இருந்தது.

கேள்வி இதுதான். நாம் மற்றவர்களுடைய வேதத்தைப் படிக்கலாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாடியில் என்ன செய்கிறாய் என்று அம்மா கேட்டார். "அக்காவோட வேதம் படிக்கிறேன்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அக்கா அதை எங்கள் வேதம், தமிழ் வேதம் என்றுதான் சொல்லுகிறார். ஆனால் அம்மாவின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்தால் அவர் வேறு வேதத்தை நினைத்துக்கொண்டார் என்று தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

பதில் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஷெர்லின்

---

ஜூலை 19, 2024

கர்த்தருக்குள் பிரியமான தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். எண்ணெய் வைக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். அப்பாவை முதுகுக்கு டாக்டரிடம் காட்டச் சொல்.

மாடியில் இருக்கும் சகோதரியோடு நீ வேதம் வாசிப்பதாக அம்மா போனில் சந்தோஷப்பட்டார். பதினொன்றாம் வகுப்பு சுலபம் இல்லை. பாடத்திலும் கவனம் வை. நீ கேட்ட கணக்கு விடையை நேரில் வரும்போது சொல்லித் தருகிறேன்.

எல்லோருக்கும் என் அன்பு.

சாம்சன்

---

மண்ணூர்,
ஆகஸ்ட் 4, 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலம் கர்த்தருடைய கையில் இருக்கட்டும்.

கணக்கா? உன் கடிதத்தைப் பார்த்து முதலில் அழுகை வந்தது. அப்புறம்தான் புரிந்தது. அதை அம்மா பிரித்துச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். அவர் பிரிப்பார் என்று உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது, அதனால்தான் கணக்கு என்று எழுதியிருக்கிறாய். இனிமேல் படப்பையில் இருக்கும் என் தோழி இசைவாணி வீட்டுக்கு எழுது. விலாசம் பின்னால் இருக்கிறது. அவள் பிரிக்க மாட்டாள். பிரித்தாலும் அவளுக்கு இதிலெல்லாம் அக்கறை கிடையாது.

இங்கே விஷயம் கைமீறிப் போய்க்கொண்டிருக்கிறது. அம்மா சபையின் பெண்கள் ஐக்கியத்தில் சொல்லிவிட்டார். என் மகள் மேல் வீட்டுப் பெண்ணுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கிறாள் என்று. இப்போது சுகப்பிரியா அக்காவின் பெயர் வாரா வாரம் ஜெபத்தில் வருகிறது. போன செவ்வாய்க்கிழமை கங்கம்மாள் பெரியம்மா தலைமையில் ஐந்தாறு பேர் மாடிக்கே வந்துவிட்டார்கள். அக்கா பாவம், ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், இருக்கிற தம்ளரையெல்லாம் கழுவி டீ போட்டார்.

பெரியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வேதம்லாம் எப்படிம்மா போயிகினு கீது?" என்றார்.

"நல்லாப் போகுதுக்கா. இந்தப் பிள்ள சொல்லித் தாரதுக்கப்புறம்தான் எனக்கே வெளங்குது."

எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எங்கப்பாவுக்கு முழுசும் மனப்பாடம். காலைல வேதம் சொல்லாம பச்சத்தண்ணி குடிக்க மாட்டாக."

பெரியம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரகசிய விசுவாசி, ரகசிய விசுவாசி என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தட்டை வைத்துக்கொண்டு நடுவில் நின்றேன். இரண்டு பக்கமும் ஒரே சொல்லைப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அவ்வளவு பேரின் சந்தோஷத்தை எப்படி உடைப்பது என்று தெரியவில்லை.

ஆனால் படிப்பதை நிறுத்த முடியவில்லை அண்ணா. அதையும் எழுதத்தான் வேண்டும். தூங்கப் போகும்போதுகூட ஏதாவது ஒரு சொல் வந்து நிற்கிறது. 'புகல்' என்று ஒரு சொல். நாம் அடைக்கலம் என்கிறோமே, அதுதான். அந்தச் சொல் தெரிந்த பிறகு நம் சங்கீதத்தைப் படித்தால் அது இன்னும் கிட்டத்தில் வந்து உட்காருகிறது. இது தப்பா?

கலங்கிய மனதோடு,
ஷெர்லின்

---

ஆகஸ்ட் 27, 2024

அன்புத் தங்கைக்கு,

தேவனுடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. நான் நலம். எழுதத் தாமதமாகிவிட்டது.

நீ கேட்டதற்கு வருகிறேன். எங்களுக்குப் பிற சமயங்கள் என்று ஒரு பாடமே உண்டு. ஆனால் படிப்பது அவர்களுடைய நூல்களை அல்ல, அவற்றைப் பற்றி நம்மவர்கள் எழுதிய சுருக்கத்தை. மூல நூல்கள் நூலகத்தில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கின்றன. சாவி நூலகரிடம். கேட்டால் தருவார் என்கிறார்கள். கேட்டவர்களை நான் பார்த்ததில்லை.

பவுல் அத்தேனே பட்டணத்தில் பேசும்போது அந்த ஊர்க் கவிஞர்கள் சொன்னதை எடுத்துச் சொல்கிறார். படிக்கவே கூடாது என்றால் அது எப்படி? அதனால் நீ பாவம் செய்துவிட்டாய் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் இப்போதைக்கு நிறுத்திவிடு. ஜனவரி முடியட்டும். அம்மாவிடமும் எதையும் விளக்கிக்கொண்டிருக்காதே. அவர் எப்படி நினைத்திருக்கிறாரோ அப்படியே இருக்கட்டும். ஏன் என்று கேட்காதே.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

உன் அண்ணன்,
சாம்சன்

---

மண்ணூர்,
செப்டம்பர் 8, 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே அப்பாவுக்கு மருந்து வாங்கியாயிற்று, போடத்தான் மாட்டேன் என்கிறார்.

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். ஆனால் அதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது.

அத்தேனேயைத் தேடிப் படித்தேன். அப்புறம் பக்கத்தைத் திருப்பினால் இரண்டு அதிகாரம் தள்ளி எபேசு வருகிறது. அங்கே ஜனங்கள் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லோருக்கும் முன்பாகச் சுட்டெரிக்கிறார்கள். எனக்குத் தலை சுற்றியது. ஒரே புத்தகத்தில் ஒரு பட்டணத்தில் மேற்கோள், இன்னொரு பட்டணத்தில் நெருப்பு. அப்புறம் திரும்பவும் படித்தேன். எபேசில் அவரவர் தங்கள் சொந்தப் புத்தகத்தைத்தான் எரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் புத்தகத்தை யாரும் பிடுங்கவில்லை. இதை உங்கள் வகுப்பில் யாராவது கேட்டிருக்கிறார்களா?

இன்னொன்று. அந்தக் கவிஞருடைய வரி பவுலுக்கு எப்படித் தெரியும்? எப்போதோ உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். அப்போது அவர் தன் அம்மாவிடம் என்ன சொன்னார்?

நீ நிறுத்தச் சொன்னதால் பரீட்சை என்று சொல்லி நிறுத்தியிருக்கிறேன். இதுதான் நான் சொன்ன முதல் பொய். வேதம் படிக்கும்போது பொய் சொல்லவில்லை, நிறுத்தும்போது சொல்ல வேண்டியிருக்கிறது. ஜனவரியில் என்ன இருக்கிறது? தப்பில்லை என்கிறாய், மறை என்கிறாய். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன், ஒட்டவில்லை.

அக்கா மாடிப்படியில் என்னைப் பார்த்தால், "என்னட்டி, எம்மேல கோவமா?" என்று கேட்கிறார். நான் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன்.

பதிலை ஆவலோடு எதிர்நோக்கும்,
ஷெர்லின்

---

மண்ணூர்,
அக்டோபர் 13, 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரித்து எழுத எனக்கு இன்று பொறுமை இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பீக்கரில் சிரிக்கிறாயே. படப்பைக்குத்தான் ஒன்றும் வரவில்லை. தினமும் இசைவாணியிடம் கேட்டுக் கேட்டு, இப்போது அவளே தூரத்தில் வரும்போதே தலையை ஆட்டிவிடுகிறாள்.

இசக்கிதுரை என்று அக்காவின் ஊர்க்காரர் ஒருவர், பால் சொசைட்டிக்குப் பின்னால் பையன்களோடு அறை எடுத்திருக்கிறார். கடையில் அம்மாவோ பெரியம்மாவோ பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது. மேல் வீட்டுப் பெண் வேதம் படிக்கிறாள் என்று. அவர் ஊருக்குப் போன் செய்து, "சுகப்பிரியா வேதத்துல சேந்துட்டா" என்று சொல்லிவிட்டார். அண்ணா, அவர்கள் ஊரில் அப்படிச் சொன்னால் மதம் மாறிவிட்டாள் என்று அர்த்தம். அந்த ஒரு சொல் மாடியில் ஒன்று, கீழே ஒன்று, நாங்குநேரியில் ஒன்று என்று ஆகிவிட்டது.

அக்காவின் அப்பா தீபாவளிக்கு அப்புறம் வந்து அவரை வேலையை விட்டு நிறுத்திக் கூட்டிப்போகிறாராம். அக்கா போனில், நான் எங்கேயும் சேரவில்லை, நம் வேதத்தைத்தான் படிக்கிறேன் என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறார். வேதம் என்ற சொல் வந்ததுமே அவர் போனை வைத்துவிட்டார். அக்கா இந்த வேலைக்காக வீட்டில் இரண்டு வருடம் கெஞ்சியவர். திரும்பிப் போனால் உடனே கல்யாணம் என்கிறார். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் படியில் உட்கார்ந்து அழுதேன்.

இங்கே சபையில் அறுப்பின் பண்டிகைக்கு நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஐயர் அறிவித்துவிட்டார். ஓர் ஆத்துமாவை எப்படி வேதத்துக்குள் நடத்தினேன் என்று.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னால் அவரே அக்காவின் அப்பாவிடம் பேசிவிடுவார். அக்கா தப்பித்துவிடுவார். ஆனால் நான் சொன்னால் அம்மா உடைந்துபோவார். நீ எழுது. படித்தது பாவம் இல்லை என்று ஒரு வரி போதும். ஐயர் ஆகப் போகிற மகன் சொன்னால் கேட்பார். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஷெர்லின்

---

அக்டோபர் 24, 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். பருவத் தேர்வு நடக்கிறது. அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதே. எல்லாவற்றுக்கும் ஒரு காலம் உண்டு. உனக்காக ஜெபிக்கிறேன்.

சாம்சன்

---

மண்ணூர்,
நவம்பர் 10, 2024

அண்ணனுக்கு,

உன் அஞ்சல் அட்டை கிடைத்தது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நடந்ததை எழுதுகிறேன். நீ பதில் எழுத வேண்டும் என்றுகூட இல்லை.

நேற்று சனிக்கிழமை. அக்காவின் அப்பா சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ மாறி மாறி வந்து சேர்ந்தார். பெயர் வானமாமலை. நெற்றியில் திருமண். கையில் ஒரு மஞ்சள் பை. அப்பா வேனில் இருந்தார், வீட்டில் அம்மாவும் நானும்தான். திருமண்ணைப் பார்த்து அம்மா ஒரு நொடிதான் தயங்கினார். அப்புறம் கதவை நன்றாகத் திறந்துவிட்டார்.

"வாங்கண்ணே. நீங்க தெனமும் வேதம் படிப்பீங்கன்னு பொண்ணு சொல்லிச்சு. இங்க பயப்பட ஒண்ணும் இல்ல, எல்லாம் நம்ம ஜனங்கதான்."

அவர் உட்காரவில்லை. "நான் படிக்கது இருக்கட்டும்மா. எம் பிள்ளைய எப்பம் வேதத்துல சேத்திய?"

"சேக்கறது இன்னாண்ணே, அதுவா ஆசப்பட்டு வருது. நம்ம பொண்ணுதான் தெனமும் கூட உக்காந்து படிக்குது. பண்டிக ஆவட்டும், மத்தது ஐயருகிட்ட பேசிக்கலாம்."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. மாடியைப் பார்த்து, "சுகா, பெட்டியக் கட்டு" என்றார். அக்கா கம்பெனி யூனிபார்மோடு பாதிப் படியில் நின்றார். "யப்பா, அது நம்ம வேதம்ப்பா" என்றார். அவர், "நம்ம வேதமாம்லா, அந்த அளவுக்கு வந்தாச்சு" என்றார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு இன்னும் புரியவில்லை. முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

நான் மாடிக்கு ஓடிப்போய் அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

"ஐயா, அக்கா எங்க வேதத்தைத் தொட்டதே இல்லை. நான்தான் உங்க வேதத்தைப் படிச்சேன்."

அவர் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். அது அவருடையது. ஓரங்களில் நான் பென்சிலால் சொல் பிரித்து எழுதியிருந்தேன். "நீயா?" என்றார். எங்கே, சொல்லு என்றார். அக்காவுக்குப் பிடித்த ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில், போதும்மா என்றுவிட்டார். கோபத்தில் அல்ல. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

அவர் புத்தகத்தை மூடிவிட்டு, "ஒங்க பிள்ள இத இவ்வளவு அழகாச் சொல்லுதுக்கு நான் சந்தோசப்படணுமா, ஒங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணுமான்னு தெரியல தாயி" என்றார். அம்மா, "நீங்க இன்னாத்துக்குண்ணே கேக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தட்டு மேஜையில் இருந்தது.

அக்காவுக்கு வேலை போகவில்லை. அது ஒன்றுதான் நல்லது. ஆனால் இந்த வீட்டில் இருந்தால் ஊரில் பேச்சு நிற்காது என்று அவருடைய அப்பா நேற்றுச் சாயங்காலமே அவரை சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் அவர்கள் ஊர்ப் பெண்கள் தங்கும் அறைக்கு மாற்றிவிட்டார். அம்மா போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. அக்கா போகும்போது என் தலையில் லேசாகத் தட்டினார். அவ்வளவுதான்.

இன்று ஆராதனை முடிந்ததும் சபைச் செக்ரட்டரி ரத்தினம் பெரியப்பா சாட்சி எழுதியாயிற்றா என்று கேட்டார். எழுதவில்லை, எழுத ஒன்றும் இல்லை என்று நடந்ததைச் சொன்னேன். அவர் அம்மாவிடம், "இன்னாம்மா இது. ஜனவரில சாம்சன் பேரு கமிட்டிக்கு வருது. அவன் படிப்புக்கு மறுபடி சிபாரிசு எழுதணும். இந்த நேரத்துல வூட்லயே இப்பிடியா?" என்றார்.

ஜனவரி. அப்போதுதான் புரிந்தது. நீ அதை எழுதியிருக்கலாம் அண்ணா. 'எனக்காகப் பயப்படு' என்று நீ சொல்லியிருந்தால் பயந்திருப்பேன். 'உனக்காகப் பயப்படு' என்று சொல்லியிருந்தாலும் பயந்திருப்பேன். நீ ஒன்றுமே சொல்லாததால் நான் உன்னை மிகவும் ஞானமுள்ளவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா என்னோடு பேசவில்லை. சாப்பாடு போடுகிறார்.

ஷெர்லின்

---

நவம்பர் 28, 2024

பாசமுள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகன் சாம்சன் எழுதுவது. நான் சரீரத்தில் சுகம். அப்பாவும் நீங்களும் நலமா?

ஷெர்லின் உங்களை ஏமாற்றிவிட்டாள் என்று நினைக்கிறீர்கள். அவள் ஜூலையிலேயே எனக்கு எழுதிக் கேட்டுவிட்டாள். உங்களிடம் சொல்லாதே என்று சொன்னவன் நான். படித்தது தப்பில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. சிபாரிசுக்குப் பயந்தேன். அந்தப் பெண்ணை ஊருக்குக் கூட்டிப்போக வருகிறார்கள் என்று தெரிந்தும் ஓர் அட்டையில் நாலு வரி எழுதி அனுப்பினேன்.

வேதம் என்ற சொல்லே நம்முடையது இல்லை அம்மா. நம் புத்தகத்தைத் தமிழில் எழுதியபோது அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அக்கம்பக்கத்தில் புழங்கிய சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஆராதனை, ஸ்தோத்திரம், ஜெபம் எல்லாம் அப்படித்தான். அவர்கள் வீட்டுச் சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை தலைமுறையாகக் கும்பிடுகிறோம். அந்த வீட்டை எட்டிப் பார்த்ததற்காக நம் பிள்ளையிடம் பேசாமல் இருக்கிறோம்.

இதே விஷயத்தை ரத்தினம் பெரியப்பாவுக்கும் எழுதிவிட்டேன். கமிட்டி என்ன வேண்டுமானாலும் முடிவு செய்யட்டும். கிறிஸ்மஸுக்கு வருகிறேன். அதற்கப்புறம் கல்லூரிக்குத் திரும்புவேனா என்று தெரியாது. இங்கே கண்ணாடி அலமாரியின் சாவியைக் கேட்டு வாங்கிவிட்டேன். படித்தால் மனம் அமைதியாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஆனால் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று எழுந்துவிட்டது.

அவளோடு பேசுங்கள்.

உங்கள் மகன்,
சாம்சன்

---

மண்ணூர்,
டிசம்பர் 15, 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அனைவரும் நலம். அப்பா இப்போது மருந்து போடுகிறார். நீ வர இன்னும் கொஞ்ச நாள்தான், ஆனால் இதை அதுவரை வைத்திருக்க முடியாது.

உன் கடிதத்தை அம்மா என்னிடம் காட்டவில்லை. அப்பாவுக்குப் படித்துக் காட்டியது சமையலறை வரை கேட்டது. படித்து முடித்ததும் அப்பா, "எங்க வேன்ல தெனமும் எல்லா சாமியும்தான் ஏறுது. நா எத எறக்கி வுடறது?" என்றார். அப்புறமும் பல நாள் அம்மா என்னோடு பேசவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கியம் நம் வீட்டில். கங்கம்மாள் பெரியம்மா, சுகப்பிரியா பெயரை ஜெபத்தில் இருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்றார். "மனந்திரும்பணும்னு சொல்ல வேணாம். நல்ல ரூமு கெடைக்கணும், ஒடம்புக்கு ஒண்ணும் வரக்கூடாது, அவ்ளோதான். அத்த மட்டும் கேப்போம்." பெரியம்மா, அப்படியெல்லாம் ஜெபம் பண்ணலாமா என்று யோசித்தார். அம்மா கண்ணை மூடி ஆரம்பித்துவிட்டதால் மற்றவர்களும் மூட வேண்டியதாயிற்று.

அன்று எல்லோரும் போன பிறகு அம்மா என்னிடம் கேட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "வேதம் படிக்கிறேன்னு சொன்னப்ப, எதுன்னு நான் கேட்டேனா?" என்றார். இல்லை என்றேன். "கேட்டிருக்கணும்" என்றார். அப்புறம், "நீயும் சொல்லியிருக்கணும்" என்று என் தோளில் ஒன்று வைத்தார். நன்றாகவே வலித்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அக்காவுக்குப் புது அறை சரியில்லை. தண்ணீர் வருவதில்லை, கம்பெனி பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நடக்க வேண்டியிருக்கிறது. இதை எனக்கு அவருடைய அறைத்தோழி சொன்னார். நான் அம்மாவிடம் சொன்னேன். நேற்றுக் காலையில் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, "கெளம்பு" என்றார். எங்கே என்று சொல்லவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறி அக்காவின் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனோம். அக்கா எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டார். அம்மா நேராக அவரிடம் போய், "ஒங்க அப்பா நம்பர் சொல்லு" என்று மட்டும் கேட்டு, தன் போனிலேயே போட்டார்.

"அண்ணே, நான் மண்ணூர்லருந்து பேசறேன். ஒங்க பொண்ணு எங்க வூட்டுக்கே வரட்டும். ஒங்க வேதம் அதுங்கிட்ட இருக்கட்டும், எங்க வேதம் எங்ககிட்ட இருக்கட்டும். நடுவுல எங்க பொண்ணு ஒண்ணு ரெண்டுத்தயும் படிச்சிகினு கீது. அத இன்னா பண்றதுன்னு நாம ரெண்டு பேரும் பேசிக்கலாம்."

அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நீளமாக ஏதோ சொன்னார். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அம்மா ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "ஆமாண்ணே... எனக்கும் அதே பயம்தாண்ணே... ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே ரோட்டோரத்தில் நடக்க ஆரம்பித்தார். பஸ் வந்தது. அக்கா ஏறாமல் நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். நானும் அக்காவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, எங்களை விட்டு வெகுதூரம் நடந்துபோய்விட்ட அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்திரமாக வந்து சேர்.

உன் அன்புத் தங்கை,
ஷெர்லின்